பொட்டு வைத்த பெட்டி

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. அச்சடிக்காத பிரின்டரைக் குத்தியிருக்கிறேன். ஸ்டார்ட் ஆகாத மோட்டார்சைக்கிளை உதைத்து என் கால் விரலையே உடைத்துக்கொண்டிருக்கிறேன். பதுளை டவுனில் கம்ப்யூட்டர் திருத்தி, கெமரா பொருத்திப் பிழைக்கிறவனுக்கு இது ஆகாத குணம். ஆனால் மனுஷரை அடிக்கிறவன் என்று என்னை நான் ஒருநாளும் நினைத்ததில்லை. அதற்கு வேறு ஆட்கள் இருந்தார்கள். முதலில் அப்பா இருந்தார், பிறகு தங்கச்சியின் புருஷன் வந்தான்.

நானும் தங்கச்சியும் பிறந்தது ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்து லயத்தில், ஒட்டி ஒட்டிக் கட்டின வரிசை வீடு ஒன்றில். ஒரு காம்பராவுக்கும் அடுத்த காம்பராவுக்கும் நடுவில் இருந்த சுவர் கூரைவரை போகாது. பக்கத்தில் அடி விழுந்தால் எது கை, எது விறகுக் கட்டை, எது சட்டி உடைவது என்று சத்தத்தை வைத்தே சொல்வோம். யாரும் போய்க் கதவைத் தட்ட மாட்டார்கள். ரேடியோவைக் கூட்டி வைப்பார்கள், அதுதான் லயத்து மரியாதை. எங்கள் அம்மாவை அப்பா முடியைப் பிடித்து இழுக்கும்போது இரண்டு பக்கத்து ரேடியோவும் ஒரே நேரத்தில் கூடும். தங்கச்சி என் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டு நிற்பாள். நான் அவளுக்கு முன்னால் நின்றதோடு சரி, வேறொன்றும் செய்ததில்லை.

தங்கச்சியைக் கட்டினவனுக்கு இரண்டு லொறி. அப்புத்தளைப் பக்கத்துத் தோட்டங்களில் மரக்கறி ஏற்றுவான். ஸ்பிரிங்வெளி ரோட்டில் டைல் போட்ட வீடு கட்டினான். நல்ல இடத்தில் கொடுத்துவிட்டோம் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவன் நான்தான். இரண்டு வருஷத்துக்கு முன் கெமரா போட வேண்டும் என்றான். ஒன்று லொறி நிற்கும் முற்றத்துக்கு, இன்னொன்று ஹாலுக்கு.

"ஹாலுக்கு எதுக்கு மச்சான்?" என்று கேட்டேன்.

"பொம்பள தனியா இருக்கா இல்ல? ஒரு பாதுகாப்புக்குத்தான்."

நானும் பொருத்திக் கொடுத்தேன். அவன் எங்கே இருந்தாலும் போனிலேயே ஹாலைப் பார்ப்பான். அவள் யாருடன் பேசுகிறாள், எத்தனை மணிக்குக் கதவைத் திறக்கிறாள் என்று கேட்டுக் கேட்டு அடிப்பான். கெமரா எடுப்பதெல்லாம் ஒரு சின்னப் பெட்டியில் போய்ச் சேரும். உள்ளே இரண்டு ஹார்ட் டிஸ்க். நாற்பது நாள் வைத்திருந்துவிட்டு, பழையதை அழித்து அதன்மேல் புதியதை எழுதும். பனிக்கு மற்ற அறைகளின் சுவரெல்லாம் வேர்க்கும் என்பதால் பெட்டியைச் சாமி அறைத் தட்டில் வைத்தேன். அதில் நாற்பது நாள் கிடக்கிறது என்று அவனுக்குத் தெரியாது. கெமரா காட்டும், அவ்வளவுதான் என்று நினைத்திருந்தான். தங்கச்சிக்குத் தெரியும், அவளிடம் சொல்லியிருந்தேன்.

தீபாவளி முடிந்து மூன்று வாரம் இருக்கும். ஒரு திங்கட்கிழமை காலையில் அவள் என் கடைக்கு வந்தாள். முந்தானையால் முகத்தை மூடியிருந்தாள். கழுத்தில் விரல் பதிந்த தடம் நீலமாக இருந்தது. கூப்பிட்டால் திரும்பவில்லை. காது டொக்டரிடம் கூட்டிப் போனேன். அவர் இடது காதுக்குள் வெளிச்சம் அடித்துப் பார்த்துவிட்டு, செவிப்பறை கிழிந்திருக்கிறது என்றார்.

"கன்னத்துல பலமா அறைஞ்சா இப்படிக் கிழியும். இது இன்னைக்கு நேத்துக் காயம் இல்ல. ரெண்டு மூணு வாரமாவது இருக்கும். சீழ் கட்டி நாசமாயிருக்கு. யார் அடிச்சது?"

தங்கச்சி என்னைப் பார்த்தாள். அவள் வாயைத் திறப்பதற்குள் நான் சொன்னேன்: "அவ புருஷன்."

அங்கிருந்து லோயரிடம் போனோம். டவுனில் துணிக்கடைக்கு மேல்மாடியில் இருக்கும் ஒரு முஸ்லிம் அம்மா. கறாரான ஆள். நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை எடுத்தால் அவன் இவளை நெருங்க முடியாது என்றார். கெமரா விஷயத்தைச் சொன்னதும் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"பெட்டியத் தூக்கிட்டு வந்துராதீங்க. அது அவர் பேர்ல வாங்கின சாமான். களவுன்னு பொலிஸ்ல போட்டுருவார். கொப்பி எடுத்துட்டு வாங்க. ஆனா ஒண்ணு, நாற்பது நாளையும் முழுசா எடுக்கணும். நடுவுல ஒரு நாள் இல்லேன்னாலும் மத்தப் பக்கத்து லோயர் அதத்தான் பிடிப்பார்."

என் வீட்டிலேயே இரு என்று தங்கச்சியிடம் சொன்னேன். கேட்கவில்லை. "நான் போகலேன்னா சந்தேகப்பட்டுப் பெட்டிய ஒடைச்சிருவாரு" என்று சொல்லிவிட்டு அன்று மத்தியானமே பஸ் ஏறிவிட்டாள். கிழிந்த காதோடு அந்த மனுஷனுக்குச் சோறு போடப் போனாள். நான் பஸ் ஸ்டாண்டில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். இப்போது நினைத்தாலும் என் மேல் எனக்கே அருவருப்பாக இருக்கிறது.

வியாழக்கிழமை அவன் அப்புத்தளைக்குப் போனான், மூன்று மணிக்குத்தான் திரும்புவான். அவள் போன் பண்ணியதும் லெப்டொப்பையும் காலி ஹார்ட் டிஸ்க்கையும் எடுத்துக்கொண்டு ஒன்பது மணிக்குப் போய் இறங்கினேன். முதல் வேலையாக ரௌட்டருக்கு வெளியிலிருந்து வரும் லைனைப் பிடுங்கினேன். இனி அவன் போனில் ஹால் தெரியாது. வீட்டுக்குள் பெட்டியும் லெப்டொப்பும் பேசிக்கொள்வதற்கு அந்த லைன் தேவையில்லை. மொத்தம் அறுபது ஜிபி. ரௌட்டரில் கேபிளைச் செருகினால் கால் மணியில் முடியும் வேலை, ஒரு தேத்தண்ணி குடிப்பதற்குள் ஆகிவிடும் என்று அவளிடம் சொன்னேன்.

ஆகவில்லை. செக்கனுக்கு ஒரு எம்பிகூட ஒழுங்காக வரவில்லை. மீதி நேரம் பதினேழு மணித்தியாலம் என்று காட்டியது.

லெப்டொப்பின் கேபிளை மாற்றினேன், அதே வேகம். ரௌட்டரில் வேறு துளையில் செருகினேன், அதே வேகம். சின்னச் சின்ன ஃபைல்களால் இழுக்கிறதோ என்று ஒரே பெரிய ஃபைலை மட்டும் எடுத்துப் பார்த்தேன், அதுவும் ஊர்ந்தது. டிஸ்க் சாகிறதோ என்று லெப்டொப்பிலிருந்தே பெட்டிக்குள் போய்ப் பார்த்தேன். இரண்டு டிஸ்க்கும் கல்லுக்குண்டு மாதிரி இருந்தன. கெமரா எழுதிக்கொண்டே இருப்பதால் தாமதமா என்றால், கெமரா எழுதுவது கொஞ்சம்தான். ரௌட்டரை அணைத்துப் போட்டேன். அதற்குள் பதினொன்றரை ஆகிவிட்டது.

ஒரு இடத்தை மட்டும் பார்க்கவில்லை. சாமி அறைக்குள்ளே பெட்டி இருந்த இடம் அது. காலையில் ரொட்டிக்குக் கருவாட்டுச் சம்பல் சாப்பிட்டிருந்தேன், கவிச்சி தின்றுவிட்டுச் சாமி அறைக்குள் போக மனம் வரவில்லை. ஆகவே ஹாலில் இருந்தபடியே எல்லாவற்றையும் நோண்டினேன். எதற்கெல்லாம் கூசினேன், எதற்கெல்லாம் கூசவில்லை என்று இந்தக் கதையை எழுதும்போதுதான் யோசிக்கிறேன்.

ஊர்ந்தாலும் ஊரட்டும் என்று கடைசி நாளிலிருந்து பின்னோக்கி ஒவ்வொரு நாளாக இழுக்க விட்டேன். ஒன்றரை மணிபோல, வந்து சேர்ந்ததைத் திறந்து பார்த்தேன். கெமராவில் சத்தம் பதியாது. ஞாயிற்றுக்கிழமை ஃபைலில் அவன் இடுப்புப் பட்டியைக் கழற்றுகிறான். பக்கிளை வெளிப்பக்கம் வைத்துக் கையில் சுற்றுகிறான், அவசரமே இல்லை. அவள் சுவர் மூலைக்குப் போய்க் குந்துகிறாள். அடி விழ விழ அவள் வாய் திறக்கிறது, மூடுகிறது. பிறகு கழுத்தைப் பிடித்துத் தூக்குகிறான். பிறகு விட்டுவிட்டு, சோபாவில் உட்கார்ந்து போன் பார்க்கிறான். அவள் எழுந்து தரையில் கொட்டிய சோற்றை அள்ளுகிறாள். லயத்தில் எங்களுக்குச் சத்தம் மட்டும் கேட்கும், ஆள் தெரியாது. இங்கே ஆள் தெரிந்தது, சத்தம் இல்லை.

இப்போதே அவன் வரட்டும், அந்தப் பட்டியாலேயே கழுத்தை இறுக்கிக் கொல்கிறேன் என்று கத்தினேன். மீதி பதினைந்து மணித்தியாலம் என்று காட்டியது. கையை ஓங்கி ரௌட்டர் இருந்த மேசையில் குத்தினேன். டம்ளர் விழுந்து உடைந்தது.

திரும்பிப் பார்த்தால் தங்கச்சி சுவர் மூலையில் குந்தியிருந்தாள். இடது காதை இரண்டு கையாலும் பொத்தியிருந்தாள். நான் ஓங்கியது மேசையைத்தான். அவள் உடம்புக்கு அது தெரியவில்லை.

"ஒன்னைய இல்ல புள்ள" என்றேன்.

"தெரியும்ணே" என்றாள். ஆனால் உடனே எழுந்திருக்கவில்லை.

அந்த நேரம் பார்த்து அவள் போன் அடித்தது. வலது காதில் வைத்தாள். அவன் கத்தியது எனக்கே கேட்டது.

"அடியே, கெமரா ஏன் தெரியல?"

"மழைங்க. லைன் போயிருச்சு."

"மழையா? நான் பண்டாரவளை வந்துட்டேன். வர்றேன். எவனாச்சும் வந்திருந்தான்னா, ரெண்டு பேரையும் சேத்துக் கொளுத்திப்புடுவேன்."

நேரத்துக்கு முன்னமே கிளம்பிவிட்டான். பண்டாரவளையிலிருந்து லொறி வந்து சேர ஒரு மணித்தியாலம், மழையென்றால் கொஞ்சம் கூட. அதுவரை ஐந்து நாள்தான் வந்திருந்தது. இனி எவ்வளவு இழுத்தாலும் பத்து நாளைத் தாண்டாது.

இங்கே நான் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். ஐந்து நாள் என்று கணக்குப் போட்டபோது என் நெஞ்சுக்குள் ஒரு நிம்மதி வந்தது. பத்து நாள் பின்னால் போனால் தீபாவளி வராது.

தீபாவளி அன்று நான் சேலையும் பலகாரமும் கொண்டு இந்த வீட்டுக்கு வந்தேன். ஹால் கெமரா கொஞ்சம் சரிந்திருக்கிறது, மூலை தெரியவில்லை என்று மச்சான் சொன்னான். ஸ்டூல் போட்டு ஏறித் திருப்பி வைத்தேன். இறங்கியதும் தங்கச்சி அவன் முன்னாலேயே சொன்னாள்: "அண்ணே, இந்த மனுஷன் என்னைய அடிச்சே கொல்லுறாரு. நீ கெமரா திருப்புற." மச்சான் சிரித்தான். "உங்க வீட்டு வளர்ப்பு நல்லா இருக்கே மச்சான்" என்றான். எனக்கு மானம் போனது. அவன் அடிக்கிறான் என்பதில் போகாத மானம், அவன் சிரித்ததில் போனது. வலது கையை வீசி அவள் இடது கன்னத்தில் அறைந்தேன். அவள் சோபா விளிம்பில் மோதி விழுந்தாள். பிறகு நானும் அவனும் உட்கார்ந்து ஆட்டுக்கறி சாப்பிட்டோம். அவள்தான் பரிமாறினாள்.

நான் சரியாகத் திருப்பி வைத்த கெமரா அதையெல்லாம் சரியாகப் பிடித்திருக்கும். டொக்டர் சொன்ன இரண்டு மூன்று வாரம் எனக்குக் கேட்காமல் இல்லை. இப்போது எனக்கு நல்ல சாக்கு கிடைத்திருந்தது. நெட்வர்க் ஸ்லோ, நேரம் இல்லை, நான் என்ன செய்ய? அவளுக்கும் அதுதான் நல்லது என்றுகூட நினைத்தேன். காது கிழிந்தது அண்ணனால் என்று தெரிந்தால் வழக்கே கெட்டுப் போகாதா?

ஆனாலும் தொழில் புத்தி விடாது. ரௌட்டரில் பெட்டியின் விளக்கு பச்சையாக எரியாமல் மஞ்சளாக எரிவதை அப்போதுதான் கவனித்தேன். லெப்டொப் பக்கம் பச்சை. கோளாறு பெட்டிக்குப் போகிற வழியில்தான். வாயைக் கொப்பளித்துவிட்டுச் சாமி அறைக்குள் போனேன்.

பெட்டி திரும்பி இருந்தது. முகம் சுவரைப் பார்க்க, கேபிள் செருகும் முதுகு நம்மைப் பார்க்க இருந்தது. முதுகு நடுவில் சந்தனம், அதன்மேல் குங்குமம். கேபிளைப் பிடுங்கினால் துளைக்குள்ளும் சந்தனம் காய்ந்து அடைந்திருந்தது. உள்ளே இருந்த மெல்லிய கம்பிகள் பச்சை பூத்திருந்தன. எட்டுக் கம்பியில் பாதிதான், அதுவும் விட்டுவிட்டுத் தொட்டுக்கொண்டிருந்திருக்கும். கெமரா எழுதும் கொஞ்சத்துக்கு அது போதும். அறுபது ஜிபியை இழுக்கப் போதாது.

"இதுக்கு யாரு பொட்டு வச்சது?"

தங்கச்சி வாசலில் நின்றாள். "நாந்தான். ஆயுத பூசைக்கு. லொறிக்கு வச்சோம், தையல் மெசினுக்கு வச்சோம். இதத் தொடச்சு, வயரக் கழட்டி, சந்தனத்தக் கொழச்சு வச்சேன்."

தோட்டத்தில் எல்லோரும் செய்வதுதான். கவ்வாத்துக் கத்திக்கும், பெக்டரி ரோலருக்கும் அன்று பொட்டு வைப்பார்கள். ஆனால் இந்தப் பெட்டிக்குமா என்று கேட்டேன்.

"பின்ன? எனக்கு நடக்கிறது அம்புட்டையும் பாத்துக்கிட்டு இருந்தது இது ஒண்ணுதானே" என்றாள். "சாமி பாக்குதோ என்னவோ. இது பாத்துச்சு."

என் பையில் ஸ்பிரிட் இருந்தது. பழைய பல்துலக்கும் பிரஷ் இருந்தது. இரண்டு நிமிஷ வேலை. இதைச் செய்யாமல் "கம்பி செத்துப் போச்சு புள்ள, ஒண்ணும் செய்ய முடியாது" என்று சொன்னால் அவளுக்குத் தெரியாது. நான் பிரஷ்ஷைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

"தீபாவளியும் அதுல இருக்குல்லண்ணே?" என்று அவள் கேட்டாள்.

நான் துளைக்குள் காய்ந்திருந்த சந்தனத்தைப் பார்த்தேன்.

"எல்லாத்தையும் எடு. அவரு அடிச்சது அவரு அடிச்சதா இருக்கட்டும். நீ அடிச்சது நீ அடிச்சதா இருக்கட்டும். ஒண்ண மறைக்க ஒண்ணச் சொல்ல எனக்கு ஏலாது."

ஸ்பிரிட்டில் பிரஷ்ஷை நனைத்துத் துளையைத் தேய்த்தேன். சந்தனம் கரைந்து கையில் ஒழுகியது. மூன்று தடவை தேய்த்து, துணியால் ஒற்றி, ஊதிக் காயவைத்தேன். கேபிளின் பழைய நுனியை வெட்டி எறிந்துவிட்டுப் புது நுனி அடித்துச் செருகினேன். ரௌட்டரில் பச்சை எரிந்தது. மீதி நேரம் பதினைந்து மணித்தியாலத்திலிருந்து பதின்மூன்று நிமிஷத்துக்கு இறங்கியது. பதின்மூன்று நிமிஷமும் அவள் ஹால் நடுவில் ஒரு உடுப்புப் பையோடு நின்றாள். நான் நாட்களை எண்ணிக்கொண்டிருந்தேன். இருபத்தொன்றாவது ஃபோல்டர் தீபாவளி. மற்றவை போலவே அதுவும் இருபது இருபத்திரண்டு செக்கனில் போய்ச் சேர்ந்தது.

கதவைப் பூட்டிவிட்டு ரோட்டுக்கு இறங்கி ஒரு த்ரீவீலைப் பிடித்தோம். மூன்றாவது வளைவில் அவனுடைய லொறி எதிரே ஏறி வந்தது. மழைக்கு த்ரீவீலின் பக்கத் துணிப் படங்கை இறக்கியிருந்ததால் எங்களைப் பார்க்கவில்லை. ஹார்ட் டிஸ்க்கை அவள் மடியில் துணியில் சுற்றி வைத்திருந்தாள். நான் அவளுடைய இடது பக்கம் உட்கார்ந்திருந்தேன்.

"என்னைய மன்னிச்சிரு புள்ள" என்றேன்.

அவள் திரும்பவில்லை, மழையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மன்னிக்க மாட்டாள் போலிருக்கிறது, நியாயம்தான் என்று நினைத்தேன். கொஞ்ச தூரம் போன பிறகுதான் உறைத்தது. நான் பேசியது செத்த காதில். த்ரீவீலை ஓரங்கட்டச் சொல்லி, அவளை இறக்கி, நான் முதலில் ஏறி அந்தப் பக்கம் போய், அவளை ஏற்றினேன். இப்போது அவளுடைய வலது காது என் பக்கம். மறுபடி சொன்னேன்.

"அத எங்கிட்டச் சொல்லி என்னா? அந்த லோயரம்மாகிட்டச் சொல்லு" என்றாள்.

லோயர் தன் கம்ப்யூட்டரில் ஒவ்வொரு ஃபோல்டராகத் திறந்து பார்த்தார். பட்டியைக் கையில் சுற்றுவதைப் பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டார். "இது போதும், கட்டளை நிச்சயம் கிடைக்கும்" என்றார். பிறகு தீபாவளியைத் திறந்தார். கெமராவுக்கு மிக அருகில் ஒரு ஆணின் முகம் மங்கலாக வந்தது, விலகியது. கெமராவுக்கு முதுகு காட்டி நின்ற அந்த ஆள் அறைந்தான். அதற்குப் பிறகு பரிமாறும்போது அவள் அடிக்கடி இடது காதைத் தொட்டுப் பார்த்தாள். புருஷன் இடது பக்கமிருந்து ஏதோ கேட்டபோது வலது காதைத் திருப்பினாள்.

"இந்த ஆள் யாரு?" என்று லோயர் தங்கச்சியிடம் கேட்டார்.

டொக்டரிடம் அவளை முந்திக்கொண்டு பேசியது போலவே இங்கேயும் முந்திக்கொண்டேன்.

"நான்தான்" என்றேன். "காது கிழிஞ்சதும் இதுலதான்."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். சத்தியக் கடதாசி ஒன்றை எடுத்து, நான் சொல்லச் சொல்ல எழுதினார். முடித்ததும் பக்கத்தை என் பக்கம் திருப்பி, கையெழுத்து வைக்கச் சொன்னார். விரல் இடுக்கில் இன்னும் சந்தனம் ஒட்டியிருந்தது. அதே வலது கையால்தான் வைத்தேன்.